அடுத்தது நானா? குடும்பத்தில் ஓடும் குடலிறக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு வந்தது, 38 வயதில் எனக்கும் வந்தது. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய வாரமே தம்பி போன் செய்து, "அண்ணே, அடுத்தது நானா?" என்றான். அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். பிறகு அக்கா, சித்தப்பா மகன்கள், மாமா என்று ஆளாளுக்குக் கேட்டதில் இது இவ்வளவு நீண்டுவிட்டது. நான் மருத்துவர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதையும், எனக்கு ஆபரேஷன் செய்த சர்ஜனைத் துளைத்தெடுத்துக் கேட்டதையும் எழுதுகிறேன். உங்கள் உடம்பைக் கையால் தொட்டுப் பார்க்கிற மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு.

ஹிரண்யா, ஹெர்னியா, குடலிறக்கம் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். ஹெர்னியா என்ற சொல் நம் ஊர் வாயில் நுழைந்து ஹிரண்யாவாகிவிட்டது. சைக்கிள் டயரில் ஓர் இடம் தேய்ந்துபோனால் அந்த இடத்தில் டியூப் பிதுங்குமே, அதே கதைதான். வயிற்றுச் சுவரில் ஓரிடம் பலவீனமாகி, உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ அதன் வழியாகத் தோலுக்கு அடியில் புடைத்துக்கொண்டு வருகிறது. நின்றால், இருமினால் தெரியும். படுத்தால் பல சமயம் தானாக உள்ளே போய்விடும்.

அடிவயிறும் தொடையும் சேரும் கவட்டைப் பகுதியில் வருவதுதான் அதிகம். வயிற்றுச் சுவரில் வரும் ஹெர்னியாக்களில் நான்கில் மூன்று அங்கேதான். அப்புறம் தொப்புளில் வருவது, பழைய ஆபரேஷன் தழும்பில் வருவது. விரைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும் ஓதம், அதாவது ஹைட்ரோசீல், இதோடு சேர்ந்ததல்ல. இரண்டும் வீக்கம் என்பதால் வீட்டில் குழப்பிக்கொள்வார்கள். மருத்துவர் கை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் வருமா?

வாய்ப்பு கூடுகிறது, ஆனால் வந்தே தீரும் என்றில்லை. கவட்டை ஹெர்னியாவுக்கான காரணங்களில் உறுதியாக நிற்பவற்றில் ஒன்று குடும்ப வரலாறு. ஹாங்காங்கில் ஆண்களிடம் நடத்தி 2007இல் வெளியான ஓர் ஆய்வில், குடும்பத்தில் யாருக்காவது ஹெர்னியா இருந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் எட்டு மடங்கு இருந்தது. இந்த எட்டை அப்படியே பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். ஹெர்னியா வந்தவரிடம் கேட்டால் பெரியப்பாவுக்கு இருந்ததுவரை ஞாபகப்படுத்திச் சொல்வார், வராதவருக்கு அது நினைவிலேயே இருக்காது. அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது.

குடும்ப வரலாறே இல்லாத ஆணுக்கும் இது அபூர்வம் கிடையாது. இங்கிலாந்தில் எடுத்த ஒரு கணக்கின்படி, வாழ்நாளில் கவட்டை ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளும் வாய்ப்பு ஆண்களுக்கு 27 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். நான்கு ஆண்களில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வரிசையை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

பரம்பரையாக வருவது என்று எதைச் சொல்கிறார்கள்? ஓட்டையா?

ஓட்டை வருவதில்லை, துணியின் தரம் வருகிறது. நம் தசைகளை மூடியிருக்கும் வெள்ளைச் சவ்வு கொலாஜன் என்ற புரத நார்களால் நெய்தது. அதில் முதல் வகை நார் கயிறு மாதிரி தடித்தது, மூன்றாம் வகை மெல்லிய நூல். ஹெர்னியா உள்ளவர்களின் திசுவைச் சோதித்தபோது, தடித்த நாருக்கும் மெல்லிய நாருக்கும் உள்ள விகிதம் பலரிடம் மெல்லியதன் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

2015இல் அமெரிக்காவில் 5,295 ஹெர்னியா நோயாளிகளின் மரபணுக்களை, அது இல்லாத 67,510 பேருடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, நான்கு இடங்களைச் சுட்டிக்காட்டினார்கள். இஎஃப்இஎம்பி1, டபிள்யூடி1, இபிஎஃப்2, ஏடிஏஎம்டிஎஸ்6 என்று பெயர்கள் ரயில் நம்பர் மாதிரி இருக்கும். முதலாவது, சவ்வுக்கு இழுவைத்தன்மை தரும் நார்களோடு சம்பந்தப்பட்ட புரதத்தை உண்டாக்குகிறது. அந்த மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளுக்கு ஹெர்னியா வந்தது.

இதில் எந்த ஒரு மரபணுவும் தனியாக ஹெர்னியாவைக் கொண்டுவந்துவிடாது. பல சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து ஒரு உடல்வாகைத் தருகின்றன, அவ்வளவுதான். எலர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான் போன்ற, இணைப்புத் திசுவையே பாதிக்கும் அபூர்வ நோய்கள் விதிவிலக்கு. மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிற, தோல் ரப்பராக இழுபடுகிற, சின்ன வயதிலேயே திரும்பத் திரும்ப ஹெர்னியா வருகிற குடும்பமாக இருந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஒரு மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

வேண்டாம். சாதாரண ஹெர்னியாவுக்கு அந்த டெஸ்ட் சொல்லி நீங்கள் மாற்றிச் செய்யப்போவது ஒன்றுமில்லை. அம்மாவிடமும் அத்தையிடமும் அரைமணி நேரம் பேசினால் அதைவிட உருப்படியான தகவல் கிடைக்கும், செலவும் ஒரு டம்ளர் காபிதான்.

ஆண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

ஆண் குழந்தை வயிற்றில் இருக்கும்போது விரைகள் முதலில் வயிற்றுக்குள்தான் இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவை கவட்டை வழியாகக் கீழே இறங்கும். அப்போது வயிற்றின் உள்ளுறையும் ஒரு பை மாதிரி கூடவே இழுபட்டு வரும். பிறகு அந்தப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழுதாக மூடாது. வலது விரை கொஞ்சம் தாமதமாக இறங்குவதால் ஹெர்னியாவும் வலப்பக்கம் அதிகம். குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு இது கூடுதலாக வருவதும் அதனால்தான், பாதை மூட அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை.

நாற்பது வயதில் "திடீரென்று" வரும் ஹெர்னியாக்களில் சில, பிறந்த நாளிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தவை.

பெண்களுக்கு வராது என்று விட்டுவிடலாமா?

கூடாது, இதை அக்காவுக்காகவே எழுதுகிறேன். பெண்களுக்குக் குறைவாக வரும். ஆனால் வருவதில், கவட்டைக்குச் சற்றுக் கீழே, தொடை ரத்தக்குழாயை ஒட்டிய குறுகலான வழியில் வரும் வகையின் பங்கு ஆண்களைவிட அதிகம். வாய் குறுகலாக இருப்பதால் அதில் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுதல். வீக்கமும் சின்னதாக இருக்கும், நெறி கட்டியிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அதனால்தான் பெண்களின் கவட்டை ஹெர்னியாவை "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாமல் சரிசெய்யச் சொல்கிறார்கள். பலமுறை பிரசவித்தவர்களுக்கும் உடல் எடை கூடியவர்களுக்கும் தொப்புளில் வருவதும் சகஜம்.

அன்றைக்கு அந்த மூட்டையைத் தூக்கியதால்தானே வந்தது?

எங்கள் அப்பா சாகும்வரை ஒரு நெல் மூட்டையைத்தான் குற்றம் சொன்னார். எனக்கு அது ஒரு கேஸ் சிலிண்டர். நிரம்பிய சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. உள்ளே இருப்பது 14.2 கிலோதான், மிச்சம் இரும்பு. மாடிப்படியில் ஏற்றிய மறுநாள் குளிக்கும்போது வலப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு கையில் தட்டுப்பட்டது. சர்ஜனிடம் சிலிண்டர் கதையைச் சொன்னேன். "சிலிண்டர் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டை அதற்கு முன்னாலேயே இருந்திருக்கும்" என்றார்.

ஒரே ஒரு தடவை தூக்கியதால் நல்ல சுவர் கிழிவது மிக அபூர்வம். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் பெருஞ்சுமை தூக்குவதும் நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்வதும் வேறு விஷயம். டென்மார்க்கில் ஆண் தொழிலாளர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், அப்படிப்பட்ட வேலைக்கும் ஒருவகைக் கவட்டை ஹெர்னியாவுக்கும் தொடர்பு தெரிந்தது. ஹாங்காங் ஆய்விலோ வேலையின் கடுமைக்கும் ஹெர்னியாவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆக, மூட்டையை முழுக்க விடுதலை செய்யவும் முடியாது, தூக்கில் போடவும் முடியாது.

சரி, எதுதான் வயிற்றுக்குள் அழுத்தத்தை அதிகம் ஏற்றுகிறது?

இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கு ஆச்சரியம் தந்தது. 20 ஆரோக்கியமான இளவயதினரின் வயிற்றுக்குள் அழுத்தத்தை அளந்து, 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது அழுத்தம் சராசரியாக 20 மில்லிமீட்டர் பாதரசம். சுமார் நாலரைக் கிலோ எடையைக் கையில் தூக்கியபோது அதிகபட்சம் 25 வாக்கில்தான் போனது. இருமியபோது 107 வரை ஏறியது. நின்ற இடத்திலிருந்து குதித்தபோது 171.

நாலரைக் கிலோ என்பது மூட்டை இல்லை, அது வேறு கணக்கு. ஆனாலும் அந்த இருமல் எண்ணைப் பாருங்கள். காய்கறிப் பையைத் தூக்கப் பயப்படுகிற நாம், ஆறு மாதமாக விடாத இருமலை "சளிதான்" என்று விட்டுவைக்கிறோம். அப்பாவுக்குத் தும்மல் வந்தால் மூக்கைப் பொத்த மாட்டார், கவட்டையைப் பொத்துவார்.

வாழ்க்கை முறையை மாற்றினால் வராமல் தடுக்கலாமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக வரும் கவட்டை ஹெர்னியாவைத் தடுப்பதில் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். தொப்புள் ஹெர்னியா, ஆபரேஷன் தழும்பில் வரும் ஹெர்னியா, ஒருமுறை தைத்தபின் மறுபடி வருவது ஆகியவற்றில்தான் நம் பழக்கங்களுக்குப் பெரிய பங்கு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "இந்த ஏழு பழக்கங்கள் ஹெர்னியாவைத் தடுக்கும்" என்று போடுகிறவர்களை நம்ப வேண்டாம்.

முதலில் புகை. சிகரெட்டோ பீடியோ, புகை கொலாஜன் உருவாவதைக் கெடுக்கிறது, இருப்பதை அரிக்கும் நொதிகளைக் கிளப்பிவிடுகிறது, போதாததற்கு இருமலையும் தருகிறது. புகைப்பவர்களுக்கு ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிப்பதும், தழும்பில் ஹெர்னியா வருவதும், சரிசெய்தது மீண்டும் வருவதும் அதிகம். ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாலாவது நிறுத்தச் சொல்வதன் காரணம் இதுதான். வீசிங், ஆஸ்துமா, நாள்பட்ட இருமல் இருந்தால் முறையாக வைத்தியம் பாருங்கள். எங்கள் குடும்பத்துக்கு நான் ஒரே ஒரு வரிதான் சொல்லலாம் என்றால், இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது முக்குவது. மலச்சிக்கலுக்கும் ஹெர்னியாவுக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. ஆனாலும் தினமும் காலையில் பத்து நிமிஷம் மூச்சைப் பிடித்து முக்குகிறவர் பலவீனமான சுவரின் மேல் தினமும் பத்து நிமிஷம் சாய்கிறார். கீரை, சுண்டல், கேழ்வரகு, வாழைத்தண்டு, கொய்யா, போதுமான தண்ணீர் என்று எல்லாருக்கும் தெரிந்த பட்டியல்தான். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறிவிட்ட வீடுகளில் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் பாதி குந்திய நிலை வந்துவிடும், முக்குவது குறையும். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குச் சிறுநீர் முக்கினால்தான் போகிறது என்றால், பிராஸ்டேட் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எடை விஷயத்தில் ஒரு வேடிக்கை. குண்டாக இருப்பவர்களுக்குக் கவட்டை ஹெர்னியா குறைவாகவே பதிவாகிறது, ஒல்லியானவர்களுக்கு அதிகம். கொழுப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு பிரியாணிக்கு நியாயம் தேடாதீர்கள். தொப்புளிலும் தழும்பிலும் வருவதற்குத் தொப்பை நேரடிக் காரணம், அந்த ஆபரேஷன்கள் தோற்பதற்கும் அதுவே காரணம்.

கொலாஜன் பவுடர் என்று டப்பாவில் விற்பதைக் குடித்தால் வயிற்றுச் சவ்வு கெட்டியாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

சுமை தூக்கவே கூடாதா? தூக்குவதானால் எப்படி?

தூக்கலாம். 20 லிட்டர் தண்ணீர் கேனை எடுத்துக்கொள்வோம், நம் வீடுகளில் எல்லாரும் தவறாகத் தூக்குவது அதைத்தான். பெரும்பாலோர் முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, கேனின் கழுத்தைப் பிடித்து, "ம்ம்" என்று மூச்சை அடக்கி ஒரு வெட்டில் தூக்கிக் கவிழ்ப்பார்கள். அந்த "ம்ம்"தான் வில்லன். கேனை ஒட்டி நில்லுங்கள். முழங்காலை மடக்கி உட்காருங்கள். ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். தூக்கும்போது வாயைத் திறந்து மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுங்கள். மூச்சு வெளியே போகும்போது வயிற்றுக்குள் அழுத்தம் பூட்டிக்கொள்ளாது. இன்னும் எளிதான வழி, கேனைத் தரையிலேயே வைத்து ஒரு பம்பு மாட்டிவிடுவது. நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். எடையைப் படிப்படியாக ஏற்றுங்கள், மூச்சை அடக்காதீர்கள். நடை, நீச்சல், சைக்கிள் எதற்கும் தடையில்லை.

கோவணம், பெல்ட் கட்டினால் வராதா?

"கோவணம் கட்டாததால்தான் உங்களுக்கெல்லாம் குடல் இறங்குது" என்பது எங்கள் தாத்தாவின் வாக்கு. கோவணம் கட்டியே வாழ்ந்த அவருக்கும் இறங்கியது. பெல்ட் தடுப்பு மருந்து இல்லை. ஏற்கெனவே வந்தவருக்கு, ஆபரேஷன் வரைக்கும் புடைப்பை உள்ளே பிடித்து வைக்க மருத்துவர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். வெளியே வந்த குடலை உள்ளே தள்ளாமல் மேலாக இறுக்கிக் கட்டுவது ஆபத்து.

பிறந்த குழந்தைக்குத் தொப்புள் புடைத்திருக்கிறது. காசு வைத்துக் கட்டலாமா?

கட்டாதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். காசு வைத்ததால் மூடியது என்று பாட்டி சொல்வது அதனால்தான், வைக்காவிட்டாலும் மூடியிருக்கும். காசு தோலைப் புண்ணாக்கும், தொற்று வரவும் இடமுண்டு. கவட்டையில் வரும் புடைப்பு அப்படியல்ல, அது தானாக மூடாது. கைக்குழந்தைகளுக்குக் குடல் மாட்டிக்கொள்ளும் அபாயம் கூடுதல் என்பதால் உடனே குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வந்துவிட்டது, ஆனால் வலியில்லை. உடற்பயிற்சியில் சரியாகுமா? காத்திருக்கலாமா?

பெரியவர்களுக்கு வந்த ஹெர்னியாவை எந்தப் பயிற்சியும், எண்ணெயும், சூரணமும் மூடாது. ஆனால் ஆண்களுக்கு, தொந்தரவு இல்லாத கவட்டை ஹெர்னியா என்றால், மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களில் குடல் மாட்டிக்கொண்டு அவசர நிலைக்குப் போனவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் காத்திருந்தவர்களைப் பிறகும் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்து ஆண்டுக்குள் சுமார் 68 சதவீதம் பேர், முக்கியமாக வலி கூடியதால், தாங்களே ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். ஆக, காத்திருப்பது பாதுகாப்பானதுதான், பெரும்பாலோருக்கு அது ஒத்திவைப்பு மட்டும்தான்.

எப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது?

உள்ளே போய்க்கொண்டிருந்த புடைப்பு போக மறுத்து, கல் மாதிரி கெட்டியாகி, தொட்டாலே வலித்தால். அதோடு வாந்தி, வயிறு உப்புதல், காற்றும் மலமும் போகாமல் நிற்பது, மேல்தோல் சிவப்பது அல்லது கருப்பது இவற்றில் எது சேர்ந்தாலும். குடலுக்கு ரத்தம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். விடியட்டும் என்று பார்க்காமல், நீங்களே பலமாக அழுத்தித் தள்ளவும் முயலாமல், சாப்பாடு தண்ணீர் எதுவும் கொடுக்காமல், ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மெஷ் வைத்துத் தைத்தால் மறுபடி வராதா? எவ்வளவு நாள் ஓய்வு?

மெஷ் என்பது ஒரு வலைத்துண்டு. பலவீனமான சுவரை இழுத்துத் தைப்பதைவிட அதன்மேல் வலையைப் பதித்தால் மீண்டும் வருவது குறைகிறது. பரம்பரைத் துணியே இளைத்தது என்றால் அதையே திரும்பத் தைப்பதில் என்ன இருக்கிறது, புதுத் துணி வைத்து ஒட்டுப்போடுவதுதானே முறை? (மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் டோங்காவ்கர், கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி இதற்குப் பயன்படுத்தி, 2003இல் எழுதினார். பிறகு உகாண்டாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மலிவான அந்த வகை வலையும் விலை உயர்ந்த மெஷ்ஷும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய சமமாகவே நின்றன.) முழு உத்தரவாதம் எதற்கும் கிடையாது. மறுபக்கத்தில் புதிதாக வரவும் வாய்ப்புண்டு. பத்தில் ஒருவருக்கு நீடித்த வலி ஓரளவு இருக்கிறது, அதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓய்வைப் பொறுத்தவரை, "மூன்று மாசம் படியேறாதே" என்ற பழைய கண்டிப்பு இப்போது இல்லை. சிக்கலில்லாத ஆபரேஷன் என்றால் மூன்று முதல் ஐந்து நாளில், வலி அனுமதிக்கும் அளவுக்கு, வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்கின்றன 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகள். பெரிய சுமைக்கு மட்டும் உங்கள் சர்ஜன் சொல்லும் நாளைக் கேளுங்கள்.

குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர் இப்போது என்ன செய்யலாம்?

குளிக்கும்போது மாதத்துக்கு ஒருமுறை நின்றபடி, இரண்டு பக்கக் கவட்டையிலும் தொப்புளிலும் விரல் வைத்து இருமிப் பாருங்கள். விரலில் ஏதாவது வந்து முட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு ஏதாவது வயிற்று ஆபரேஷன் வந்தால் குடும்ப வரலாற்றை முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள்ளும் சொல்லுங்கள். எங்கள் அப்பா பத்து வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நிற்பார். சிறுநீர் கழிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். வேட்டிக்குள் கையை விட்டு, இறங்கியதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். அது தெரிந்திருந்தால் சிலிண்டரைத் தூக்கியிருக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புடைப்பைப் பார்த்ததும் புற்றுநோய் என்று நினைத்து மூன்று இரவு தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன்.

கடைசியாக, தம்பிக்கு?

போய்க் காட்டினான். நிற்க வைத்து, இருமச் சொல்லி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவன் இப்போது மூன்று சிகரெட்டுக்குக் குறைத்திருக்கிறான். மூன்று என்பது அவன் கணக்கு, அவன் மனைவி கணக்கில் ஐந்து.